மாமியார் கடிகாரமா, மருமகள் கடிகாரமா?

இந்த ஊரிலேயே நல்ல காதுக்குச் சொந்தக்காரனான என் ஜெபாவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பேகம்பேட்டில் பயணிகள் விமானம் நின்றுவிட்டது. மொத்த விமான நிலையத்தையும் பெயர்த்து ஊருக்கு வெளியே ஷம்ஷாபாத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பத்து வருஷமாக நம் ஸ்டுடியோ கூரைக்கு மேலே உறுமிக்கொண்டு போனதே, அது இனி கிடையாது. நீ போய்ச் சேர்ந்து சில மாதங்களில் இது நடந்தது. எனக்கு அப்போதே சந்தேகம். மேலே போனதும் யாரைப் பிடித்தாய்? எப்படிப் புகார் கொடுத்தாய்? கீழே இருந்தவரை வீட்டுத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யக்கூட உன்னால் ஓர் ஆளை வரவழைக்க முடிந்ததில்லை.

ஞாபகம் இருக்கிறதா? நான் மைக் முன்னால் நின்று 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று ஆரம்பிப்பேன். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைத் தூக்குவாய். விமானம் போகும்வரை நானும் வாயைத் திறந்தபடி நிற்பேன். அப்புறம் இரண்டு விமானங்களுக்கு நடுவில் சொல்லி முடிக்கிற மாதிரி சின்னச் சின்ன வாக்கியமாக எழுதப் பழகிக்கொண்டேன். போன வருஷம் நம் தமிழ்ச் சங்கத்தில் ஒருவர் என் நடையைப் பாராட்டி, 'என்ன ஒரு சிக்கனம்' என்றார். அது ரன்வேயின் சிக்கனம் என்று நான் சொல்லவில்லை. பாராட்டு அபூர்வமாக வருகிறது. வந்ததைத் திருப்பி அனுப்புவானேன்?

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். உன் மகள் ஜெனி இப்போதும் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்கிறாள். நான் கவலையாக எதையாவது ஆரம்பித்தால், "லைட் தீஸ்கோண்டி அங்கிள்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறாள். மனதில் வைத்துக்கொள்ளாதே, லேசாக விடு என்று அர்த்தமாம். என் மனைவி வசந்தாவும் அப்படியேதான். தொலைபேசிகளில் 'எண் இரண்டை அழுத்தவும்' என்று சொல்கிற குரல் என்னுடையது என்று தெரிந்த நாளிலிருந்து, நான் வீட்டில் வாயைத் திறந்தால், "மெயின் மெனுவுக்குப் போங்க" என்கிறாள்.

சங்கத்தின் இந்த வருஷ மலருக்கு நகைச்சுவையாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எதை எழுத ஆரம்பித்தாலும் உன்னிடம் சொல்வதுபோலவே வருகிறது. அதனால் உனக்கே எழுதிவிட்டேன். மற்றவர்கள் எட்டிப் பார்த்துப் படித்துக்கொள்ளட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஸ்டுடியோ கைமாறிப் போக இருந்தது.

பக்கத்துக் கட்டிடத்தில் கால் சென்டர் இருக்கிறதல்லவா? நம்ம ஊர் வெங்கடேஷும் மஸ்தானும் பகலில் தூங்கி எழுந்து, ராத்திரியில் கெவினாகவும் மார்க்காகவும் மாறுகிற இடம். அவர்களுக்கு நம் அறை வேண்டுமாம். எதற்குத் தெரியுமா? தூங்க. அதன் மேலாளர் நேரில் வந்தார். நம் ரெக்கார்டிங் அறைக்குள் நின்று ஒரு தடவை கைதட்டிப் பார்த்தார். எதிரொலியே இல்லை. சொக்கிப்போனார். "பசங்க ஷிஃப்டுக்கு நடுவுல வந்து படுத்தா செம தூக்கம் வரும் சார்" என்றார். நீயும் நானும் சணல் சாக்கும் கண்ணாடிக் கம்பளியுமாக அடித்து அடித்துச் செய்த சுவரை இப்படி ஒரு ரசிகர் பாராட்டி நான் பார்த்ததில்லை. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

பதிலை யார் சொல்வது? அதில்தான் சிக்கல். ஸ்டுடியோவில் பாதி என்னுடையது, பாதி இப்போது உன் மனைவி ஸ்டெல்லாவுடையது. நான் ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"உங்க இஷ்டம் அண்ணா" என்றாள்.

"இல்லம்மா, உன் இஷ்டம்தான்" என்றேன்.

"ஹவ், சரி, ஆனா நீங்கதானே டெய்லி உள்ள இருக்கீங்க. நீங்க சொல்றதுதான்."

"நான் இருந்து என்ன? அது ஜெபாவோட உசுரு. நீ சொல்றதுதான்."

இப்படியே வருஷம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். கால் சென்டர்காரர் வருவதற்கு முன்னாலிருந்தே இதுதான் கதை. எனக்கு நிச்சயமாகத் தோன்றியது என்னவென்றால், அவளுக்கு அந்த இடத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை; ஆனால் என் பிழைப்பை நினைத்து வாயைத் திறக்கவில்லை. ஆகவே நான் பெருந்தன்மையோடு விற்கத் தயாராக இருந்தேன். என் பெருந்தன்மைக்கு நானே மாலை போட்டுக்கொள்ளாத குறைதான்.

அந்தச் சமயத்தில் கையில் இருந்த வேலை ஒன்றே ஒன்று. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் படம் எடுத்திருந்தார்கள். அதற்குத் தெலுங்கு, ஹிந்தி, தமிழ் மூன்றிலும் குரல் வேண்டும். தமிழ் என் தொண்டை. இந்த வேலை சரியாகப் போனால் அடுத்தடுத்த படங்களும் நமக்கே என்று சொல்லியிருந்தார்கள். கெட்டுப்போனால் நானும் ஸ்டெல்லாவும் முடிவெடுக்க வேண்டியதே இல்லை. கெவினும் மார்க்கும் தலையணையோடு வந்துவிடுவார்கள்.

குரல் நன்றாகவே பேசினேன். பதிந்ததைப் போட்டுக் கேட்டால், நடுநடுவே 'டிக்'. 'கையுறை அணியவும்.' டிக். 'கண்ணாடி இல்லாமல் உள்ளே டிக் செல்லாதீர்கள்.' அத்தோடு விட்டதா? சில இடங்களில் என் குரல் மெல்லச் சரிந்து, தூக்கத்தில் புலம்புகிறவன் மாதிரி இழுத்தது. முதலில் என் வயசுதான் காரணம் என்று நினைத்தேன். தெலுங்கு பேசியவர் முப்பது வயசுக்காரர். அவருக்கும் இழுத்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி வெங்கட்ராவ் வந்து கேட்டார். கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதுபோலக் கேட்டார். டிக் வந்தது. கண்ணைத் திறந்தார்.

"ஏன்ட்டி சார் இதி?"

"சின்ன டெக்னிகல் விஷயம் சார். எடுத்துடலாம்."

"வொர்க்கர்லு கேஸ் லீக் அனுகுண்டாரு" என்றார். சத்தத்தைக் கேட்டுத் தொழிலாளர்கள் வாயு கசிகிறது என்று நினைத்துக்கொள்வார்களாம். அப்புறம் பாதுகாப்புப் படம் பார்க்கும்போதே எல்லோரும் எழுந்து ஓடுவார்களாம். "மன்டே" என்று ஒரு விரலைக் காட்டி, திங்கட்கிழமை வரை கெடு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உனக்கு இப்போதே காரணம் தெரிந்திருக்கும். அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாய். ஆனால் இதை எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே. நீ எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

நம்மிடம் முக்கியமான பெட்டிகள் மூன்று. மைக்கின் ஒலியை வாங்கி எண்களாக்குகிற மிக்ஸர். அந்த எண்களைப் பதிந்து வைத்துக்கொள்கிற கம்ப்யூட்டர். மிக்ஸர் எண்களைச் செம்புக் கம்பியில் ஒரு முறையில் அனுப்பும். கம்ப்யூட்டருக்கு அந்த முறை ஆகாது. அது மெல்லிய ஒளிக் கேபிள் வழியாக, சிவப்பு வெளிச்சமாக வந்தால்தான் வாங்கிக்கொள்ளும். ஆகவே நடுவில் ஒரு கன்வெர்ட்டர். இந்தப் பக்கம் வந்ததை அந்தப் பக்கத்துக்குப் பொறுக்கிற விதமாக மாற்றிக் கொடுப்பதும், அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கத்துக்கு ஏற்றபடி திருப்பிக் கொடுப்பதும் அதன் வேலை.

நீ மூன்றுக்கும் டேப் ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருந்தாய். மிக்ஸர் மேல் 'மாமியார்'. கம்ப்யூட்டர் மேல் 'மருமகள்'. நடுவில் சூடேறி, மூச்சு முட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்னப் பெட்டியின் மேல் 'மகன்'. வந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டுப் போவார்கள். கல்யாணமான ஆண்கள் மட்டும் மகன் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "ரொம்பச் சுடுதே" என்பார்கள்.

டிக்கை விரட்ட நான் செய்யாதது இல்லை. கேபிள்களை எல்லாம் கழற்றி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மொபைலை அணைத்தேன். பக்கத்துக் கட்டிடத்து யுபிஎஸ்தான் காரணம் என்று கால் சென்டர் காவலாளியிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கைக்கு பரேஷான் ஹோரே, சாய் பீலோ" என்று, எதுக்கு இந்தக் கவலை என்கிற மாதிரி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். வசந்தா எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கொடுத்தாள். மிக்ஸரில் கட்டினேன். அடுத்த நாள் ஸ்டெல்லா வந்து பார்த்தாள். தன் கைப்பையிலிருந்து சின்னச் சிலுவை ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பக்கமும் பாதுகாப்பு போட்டாயிற்று. டிக் மட்டும் யாருக்கும் அஞ்சவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டெல்லா மறுபடி வந்தாள். மறுநாள் கால் சென்டருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. பதிந்தது ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் 'அவசர வழி' என்று சொல்லி, டிக் அடித்து, சரிந்து, மீண்டும் எழுந்தது. அந்தப் பின்னணி இசையில் நாங்கள் எங்கள் வழக்கமான பாட்டை ஆரம்பித்தோம்.

"சொல்லுங்க அண்ணா."

"நீ சொல்லும்மா."

"நக்கோ அண்ணா, வேணாம். நீங்க சொல்லுங்க."

அப்போது பார்த்து வசந்தாவிடமிருந்து ஃபோன். ஸ்பீக்கரில் போட்டேன். எனக்கு அறிவு கொஞ்சம் குறைவு என்பது உனக்குத் தெரியும்.

"என்னங்க முடிவாச்சு?" என்றாள்.

"அதான் பேசிக்கிட்டிருக்கோம். ஸ்டெல்லா என்ன சொல்றாளோ..."

"அவங்க?"

"நான் என்ன சொல்றேனோன்னு..."

வசந்தா விருதுநகர்க்காரி. பொறுமை அந்த ஊரில் அதிகம் விளைவதில்லை.

"கருமம். நீங்க அவங்க முகத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறீக. அவங்க உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறாக. ரெண்டு பேருல ஒருத்தராவது வாயத் தொறந்து இதுதான்னு சொன்னாத்தான ஆவும்? இப்படியே நின்னா எங்க போயி முடியும்?"

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மிக்ஸரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பெட்டிகளுக்குக் கடிகாரம் ஒன்று உண்டு என்று நீ சொல்லியிருக்கிறாய். வினாடிக்கு நாற்பத்தெட்டாயிரம் எண்கள் போகின்றன, வருகின்றன. ஒருவர் கொடுக்கும் நேரத்தில் மற்றவர் வாங்க வேண்டும். கொஞ்சம் முன்பின் ஆனால் ஓர் எண் தவறும், டிக் என்று சத்தம் வரும். ஆகவே ஒரு பெட்டி நேரம் சொல்ல வேண்டும், மற்றவை அதன் பின்னால் போக வேண்டும். எது சொல்கிறது என்பதுகூட அவ்வளவு முக்கியமில்லை, ஆனால் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும் என்பாய். நம் வீட்டில் எப்போதும் மாமியார் கடிகாரம்தான்.

நீ போனபிறகு புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். புதுசுக்குத்தான் கடிகாரம் துல்லியம் என்று யாரோ சொன்னார்கள். சரி, மாமியாருக்கு வயசாகிவிட்டது, கொஞ்சம் விட்டுக்கொடுக்கட்டும் என்று மிக்ஸரை 'வெளியே இருந்து நேரம் வாங்கிக்கொள்' என்று மாற்றி வைத்தேன். மருமகளைப் பொருத்த வந்த கடைக்காரரோ, பழைய ஏற்பாட்டைப் பார்த்து, அவளையும் 'வெளியே இருந்து நேரம் வாங்கிக்கொள்' என்று ஏற்கெனவே வைத்துவிட்டுப் போயிருந்தார். எனக்குத் தெரியாது. நான் பார்க்கவும் இல்லை. மருமகள் நேரத்துக்கு மாமியாரைப் பார்த்தாள். மாமியார் நேரத்துக்கு மருமகளைப் பார்த்தாள். நடுவில் மகன், வழக்கம்போல, இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே தலையாட்டிக் கடத்திக்கொண்டிருந்தான். யாரும் நேரம் சொல்லவில்லை. எல்லோரும் மரியாதையாகச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

உலகத்திலேயே மாமியாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததால் கெட்டுப்போன குடும்பம் இது ஒன்றுதான் இருக்கும், ஜெபா.

எழுந்து போய் மிக்ஸரில் ஒரே ஒரு இடத்தை மாற்றினேன். 'உன் நேரமே நேரம்' என்று. கன்வெர்ட்டரில் அதுவரை சிமிட்டிக்கொண்டிருந்த சின்ன விளக்கு நிலையாக நின்றது. என்னை ஒரு வாக்கியம் புதிதாகப் பேசச் சொன்னாள் ஸ்டெல்லா. உள்ளே போய்ப் பேசினேன். வெளியே வந்து போட்டுக் கேட்டோம். 'அவசர வழியை ஒருபோதும் மூடி வைக்காதீர்கள்.' முழு வாக்கியம். சுத்தமாக. விமானம்கூட இல்லை. அது முடிந்ததும் அறையில் இருந்த அமைதி இருக்கிறதே, நீ அதைக் கேட்டிருந்தால் ஒரு சமோசா வாங்கிக் கொடுத்திருப்பாய்.

ஃபோன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. "என்ன ரெண்டு பேரும் செத்துப்போயிட்டீகளா?" என்று வசந்தா கத்தினாள்.

அந்த வேகத்தில் சொல்லிவிட்டேன். "ஸ்டெல்லா, எனக்கு விக்க மனசில்லம்மா. ஒருநாளும் இருந்ததில்ல."

அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்குவாள் என்று நினைத்தேன். இல்லை. கோபம் வந்தது.

"அப்புறம் கைக்கு அண்ணா, எதுக்கு வருஷம் பூரா என் உசுர வாங்குனீங்க? நான் உங்களுக்காக விக்கலாம்னு மனச கல்லாக்கி வெச்சிருந்தேன். டெய்லி சர்ச்ல அழுது ஜெபம் பண்ணிட்டிருந்தேன்."

"நான் உனக்காக விக்கலாம்னு..."

"போதும். பேசாதீங்க." உன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, வீட்டில் கடிகாரம் யாருடையது என்று. "இனிமே நான் சொல்றேன், நீங்க கேளுங்க. அந்த கால் சென்டர் ஆளுக்கு நாளைக்கு நானே ஃபோன் பண்றேன். எலுமிச்சம்பழம் காஞ்சு போச்சு, மாத்துங்க. சிலுவை இருக்கட்டும்."

ஃபோனில் வசந்தா, "அப்படிச் சொல்லுங்க மதினி" என்றாள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன். நடுப்பெட்டியின் வேலை என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை வெங்கட்ராவ் வந்தார். கண்ணை மூடினார், தலையைச் சாய்த்தார். படம் முழுக்கத் திறக்கவே இல்லை. தூங்கிவிட்டாரோ என்றுகூடப் பயந்தேன். கடைசியில், "பாகுந்தி" என்றார். "இப்புடு பயம் லேது." நன்றாக இருக்கிறது, இனி பயமில்லை என்று அர்த்தம். அடுத்த படம் தீயணைப்பு பற்றியாம். அதையும் நாங்களே செய்கிறோம். கால் சென்டர்காரருக்கு மட்டும் வருத்தம். ஸ்டெல்லா அவருக்கு ஒரு சமாதானம் சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்து பிரசங்கத்தின்போது பின் வரிசையில் உட்காரட்டும், அங்கே இதைவிட நன்றாகத் தூக்கம் வரும்.

இப்போது பெரிய செய்தி. ஸ்டெல்லா உங்கள் ரயில்வே காலனி சர்ச் பாடகர் குழுவைக் கூட்டிவந்து கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பதியப் போகிறாள். நீ எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். விமானத்துக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாய். ஒத்திகை நடக்கிறது. ஸ்டெல்லா கையைத் தூக்கினால் வொர்க்‌ஷாப்பில் இருபத்தைந்து வருஷம் சுத்தியல் அடித்த ஆட்கள்கூட மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நான் மைக்குகளை நிறுத்திக் கேபிள்களை இழுத்துக்கொண்டு திரிகிறேன்.

அடிக்குரல் வரிசையில் வலது ஓரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. உன் இடம். யாரும் அங்கே நகர்ந்து நிற்கவில்லை. ஸ்டெல்லா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க அங்க நில்லுங்க."

"நானா? எனக்குப் பாடத் தெரியாதேம்மா. கோயில்லயே என்னை வரிசையில இருந்து நகத்தி விட்டிருக்காங்க."

"தெரியும். பாட வேணாம். சும்மா வாய மட்டும் அசைங்க. இடம் காலியா இருந்தா எனக்குக் கை ஓடல."

நின்றேன். எனக்கு முன்னால் ஒரு மைக்கும் வைத்தாள். மற்றவர்கள் தவறாக நினைத்துக்கொள்ளக் கூடாதாம். அது மிக்ஸரில் எந்த வழியில் போகிறது என்று பின்னால் போய்ப் பார்த்தேன். எங்கேயும் போகவில்லை. மகனுக்கும் போகவில்லை, மருமகளுக்கும் போகவில்லை. அவளே அந்த வழியைக் கழற்றி விட்டிருந்தாள். என்னை நன்றாக அறிந்தவள்.

ஆகவே ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த இடத்தில் நான் வந்து நிற்பேன். அவள் கை தூக்கினால் வாயைத் திறப்பேன், இறக்கினால் மூடுவேன். ஒத்திகையில் நேற்று கடைசிப் பாட்டில் கொஞ்சம் நிஜமாகவே பாடிவிட்டேன். யாருக்கும் கேட்கவில்லை. அந்த மைக்கிலிருந்து இந்த உலகத்தில் எந்தப் பெட்டிக்கும் கம்பி கிடையாது. உனக்கு மட்டும் கேட்டது என்றால், சுருதி எங்கே விலகியது என்று தயவுசெய்து சொல்லாதே.

ஸ்டெல்லாவுக்கு அண்ணன் என்ற முறையில்,
உன் மச்சான்
சண்முகம்